பாலிமர் களிமண் நகைகளுக்குச் சுத்தியலடி உலோகச் சட்டங்கள்

பாலிமர் களிமண்ணில் கையால் செய்யப்படும் பதக்கம், தோடு, மோதிரம் போன்றவற்றைத் தாங்கிப் பிடிப்பதற்காக, செம்பு, பித்தளை அல்லது அலுமினியத் தகட்டையோ கம்பியையோ குழாய்த் துண்டையோ சுத்தியலால் அடித்து உருவாக்கப்படும் அமைப்பே சுத்தியலடிச் சட்டம் ஆகும். பொற்கொல்லர் கல் பதிக்கச் செய்யும் கூட்டுக்கும் இதற்கும் வேலை ஒன்றுதான். ஆனால் இதில் பற்றவைப்பு இல்லை, விலை உயர்ந்த உலோகம் இல்லை, பளபளவென்று மெருகேற்ற வேண்டிய கட்டாயமும் இல்லை. சுத்தியல் விட்டுச்செல்லும் தழும்புகளே அலங்காரமாக அமைவதால், கன்னார் பட்டறையில் பழகாத ஒருவரும் சில நாள் பயிற்சியில் பார்க்கத் தகுந்த ஒன்றைச் செய்துவிடலாம்.

பாலிமர் களிமண்

பெயரில் களிமண் என்று இருந்தாலும் இதில் மண் இல்லை. பாலிவினைல் குளோரைடு என்னும் பிளாஸ்டிக்கின் நுண்துகள்களை ஒரு நெகிழ்வூட்டும் திரவத்தோடும் நிறமிகளோடும் பிசைந்தால் கிடைப்பதே பாலிமர் களிமண். அடுப்பில் சுடும்போது துகள்கள் நெகிழ்வூட்டியை உறிஞ்சி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஜெர்மனியில் பொம்மை செய்வதில் புகழ்பெற்ற கேத்தே க்ரூசேவின் மகள் சோஃபி ரேபிண்டர் க்ரூசே உருவாக்கிய கலவையை 1964இல் எபர்ஹார்ட் ஃபேபர் நிறுவனம் வாங்கி, ஃபீமோ என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. ஸ்கல்பி, பிரீமோ, செர்னிட், கேட்டோ ஆகியவை இன்று பரவலாகக் கிடைக்கும் வேறு பெயர்கள்.

தமிழ்நாட்டில் பலர் செய்யும் சுடுமண் நகையும், காற்றில் உலரும் களிமண்ணில் செய்யும் நகையும் வேறு. அவற்றில் உள்ள நீர் வெளியேறும்போது பொருள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சுருங்கும். பாலிமர் களிமண்ணில் நீர் இல்லாததால் சுருக்கம் மிகக் குறைவு. உலோகச் சட்டத்துக்குள் வைத்தே இதைச் சுட முடிவதற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம் வெப்பநிலை. பொருளின் வகையைப் பொறுத்து 110 முதல் 150 டிகிரி செல்சியஸ் வரை போதும். செம்பு 1085 டிகிரியிலும் அலுமினியம் 660 டிகிரியிலும்தான் உருகும் என்பதால், உலோகத்துக்கு இந்தச் சூடு ஒரு பொருட்டே அல்ல. மறுபுறம், பற்றவைக்கும் நெருப்பைக் களிமண் தாங்காது. எனவே நெருப்பு வேலை முழுவதையும் முடித்த பிறகுதான் களிமண்ணைக் கையில் எடுக்க வேண்டும்.

சட்டம் எதற்கு?

சுட்ட பாலிமர் களிமண் நன்றாகச் சுடப்பட்டிருந்தால் சற்று வளைந்து கொடுக்கும். ஆனால் துளையைச் சுற்றியும் மெல்லிய ஓரங்களிலும் அது பலவீனமானது. பதக்கத்தின் மேல்முனையில் ஒரு துளையிட்டு வளையம் மாட்டினால், சங்கிலி இழுக்கும் விசை முழுவதும் அந்த இரண்டு மூன்று மில்லிமீட்டர் களிமண்மீது விழுகிறது. சில மாதங்களில் துளை கிழிந்து பதக்கம் எங்கேயோ விழுந்துவிடும். களிமண்ணில் திருகி வைக்கும் சிறு கொக்கிகளும் இதே வழியில்தான் கழன்று வருகின்றன. வாங்கியவர் திரும்ப வந்து சொல்லவும் மாட்டார். அடுத்த முறை வாங்க மாட்டார், அவ்வளவுதான். சட்டம் இருந்தால் இழுவிசையை உலோகம் ஏற்றுக்கொள்கிறது, களிமண் வெறுமனே உட்கார்ந்திருக்கிறது.

கடைகளில் கிடைக்கும் வார்ப்புச் சட்டங்கள் மலிவானவையே. ஆனால் அவற்றின் அளவுக்கு ஏற்ப நம் வடிவத்தை நாம் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. உள்ளே என்ன உலோகம் என்பதும் பெரும்பாலும் தெரிவதில்லை.

சுடப்பட்ட பொருளைச் சுத்தியலடித்த உலோகத்தில் பதிப்பது புதிய எண்ணம் அல்ல. இங்கிலாந்தில் பர்மிங்காம் அருகே ஸ்மெதிக் என்னும் ஊரில் 1898இல் தொடங்கிய ரஸ்கின் மட்பாண்ட நிறுவனம், வண்ண மெருகு பூசிய சிறு பீங்கான் வில்லைகளைச் செய்தது. தழும்பு தெரிய அடித்த பியூட்டர், வெள்ளித் தகடுகளில் அவற்றைப் பதித்துச் செய்த மார்பூசிகள் அக்காலத்தில் நன்றாக விலைபோயின. இயந்திரப் பொருள்களின் வழவழப்புக்கு எதிராகக் கைவேலையின் தடயத்தை மறைக்காமல் காட்ட வேண்டும் என்ற கலை கைவினை இயக்கத்தின் எண்ணம் அவற்றின் பின்னால் இருந்தது. இந்தியாவில் பஞ்சாபின் ஜண்டியாலா குருவில் வாழும் டட்டேரா சமூகத்தார் பித்தளை, செம்புப் பாத்திரங்களின் மேல் வரிசையாகச் சிறு பள்ளங்கள் விழும்படி அடிக்கிறார்கள். அக்கலை 2014இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அங்கே தழும்பு அழகுக்கு மட்டுமல்ல, தகட்டை இறுக்குவதற்கும்தான். நம் சிறு சட்டத்திலும் அந்த இரண்டாவது வேலை நடக்கிறது.

உலோகம் தேர்தல்

தொடங்குபவருக்குச் செம்பே ஏற்றது. மென்மையானது, சொன்னபடி கேட்கும், சூடாக்கினால் மீண்டும் மீண்டும் இளகும். 0.5 மி.மீ. கனமுள்ள தகடு பதக்கத்துக்குப் போதும். கடையில் 24 கேஜ் என்று கேட்டால் இதற்கு அருகில் கிடைக்கும். கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெலியும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். தகடு எடைக்கு விற்கப்படுவதால் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. செம்பின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 8.96 கிராம். 30 மி.மீ. விட்டமும் 0.5 மி.மீ. கனமும் கொண்ட வட்டத்தின் எடை சுமார் 3.2 கிராம். வெட்டும்போது போகும் மூலைகளையும் சேர்த்து ஒரு வட்டத்துக்கு 4 கிராம் என்று வைத்தாலும், ஒரு கிலோ தகட்டில் ஏறக்குறைய 250 வட்டங்கள் கிடைக்கும். அதே அளவு அலுமினிய வட்டம் ஒரு கிராமைக்கூட எட்டாது. பெரிய தோடுகளுக்கு அலுமினியம் பொருந்துவது இதனால்தான். காது இழுபடாது.

புதுத் தகடு வாங்காமலே தொடங்கவும் வழி உண்டு. குளிர்சாதனப் பெட்டி பொருத்துபவர்கள் வெட்டிப்போடும் செம்புக் குழாய்த் துண்டுகள் மிக அருமையான மூலப்பொருள். அரைக்கால் அங்குலப் படிகளில் பல விட்டங்களில் வருகின்றன, 16 மி.மீ. விட்டமுள்ள குழாயை 5 மி.மீ. துண்டுகளாக அறுத்தால் தோட்டுக்கான வளையங்கள் தயார். மின்வேலையில் நிலத்தொடுப்புக்குப் பயன்படும் காப்பில்லாத ஒற்றைச் செம்புக் கம்பி இன்னொன்று. அதில் 14 கேஜ் கம்பி 2 மி.மீ. விட்டமுள்ளது; வளைத்துத் தட்டையாக அடிக்க ஏற்றது. அச்சகங்களில் ஒருமுறை பயன்படுத்தி ஒதுக்கும் ஆஃப்செட் அலுமினியத் தகடுகள் 0.15 முதல் 0.3 மி.மீ. கனமே உள்ளவை. பழகிப் பார்க்கவும் வடிவம் வெட்டிப் பார்க்கவும் அவை நல்லவை; நகைக்குச் சற்று மெலிவு. குளிர்பானக் குவளையின் தகடு இன்னும் மெல்லியது, ஓரம் கத்தி போன்றது. அதை விட்டுவிடலாம்.

பழைய நாணயத்தை அடித்துத் தட்டையாக்கிப் பயன்படுத்தும் பழக்கம் சிலருக்கு உண்டு. இந்தியாவில் நாணயச் சட்டம் 2011இன்படி நாணயத்தை உருக்குவதும் அழிப்பதும் தண்டனைக்குரிய குற்றம்.

தவிர்க்க வேண்டியவற்றில் முதலாவது, துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு. சூடாக்கினால் எழும் துத்தநாகப் புகை காய்ச்சல் போன்ற உடல்நலக் கேட்டைத் தரும். ஈயம் கலந்த எதுவும் உடலில் அணியத் தக்கதல்ல. மூன்றாவது, ஜெர்மன் சில்வர். பெயரில் வெள்ளி இருந்தாலும் அதில் வெள்ளி துளியும் கிடையாது. செம்பு, துத்தநாகம், நிக்கல் ஆகியவற்றின் கலவை அது. தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும் உலோகங்களில் நிக்கல் முதன்மையானது. ஐரோப்பிய ஒன்றியம் துளையிட்ட காதில் செருகும் பொருளிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியேறக் கூடாது என்று விதித்திருப்பதிலிருந்து, எவ்வளவு சிறிய அளவும் சிலருக்குப் போதும் என்பது விளங்கும். சட்டத்தைச் செம்பில் செய்துவிட்டு, காதில் செருகும் கொக்கியை மட்டும் மலிவான வெள்ளைநிற உலோகத்தில் மாட்டினால் பட்ட பாடெல்லாம் வீண். கொக்கிக்கு வெள்ளியோ டைட்டானியமோ ஏற்றது.

கருவிகள்

தகடு வெட்டும் கத்தரி, ஒரு நடுத்தர அரம், உப்புத்தாள், குறடு, கைத்துளைப்பான், ஒரு பக்கம் தட்டையும் மறுபக்கம் உருண்டையும் கொண்ட சுத்தியல், மரச்சுத்தியல் ஆகியவை வேண்டும். அடியில் வைத்து அடிக்க ஓர் இரும்புக் கட்டை தேவை. இரும்புக் கடையில் கிடைக்கும், ஒரு பக்கமாவது வழவழப்பான கனத்த துண்டு போதுமானது. மாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் பழைய கால்சட்டையின் கால் பகுதியைத் தைத்து மணல் நிரப்பி, அதன்மேல் கட்டையை வைத்தால் ஓசை வெகுவாகக் குறையும். கீழ்வீட்டாரோடு நல்லுறவும் நீடிக்கும்.

சுத்தியல் விலை குறைந்ததாக இருக்கலாம். அதன் முகம் மட்டும் கண்ணாடிபோல் இருக்க வேண்டும். முகத்தில் இருக்கும் ஒவ்வொரு கீறலும் ஒவ்வொரு அடியிலும் தகட்டில் அச்சாகும். 220, 400, 600, 1000 என்ற வரிசையில் உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றிய பிறகு, அந்தச் சுத்தியலால் ஆணி அடிக்க எவரையும் அனுமதிக்கக் கூடாது. வீட்டில் ஒரே சுத்தியல்தான் என்றால் இது நடக்காத காரியம். இரண்டாவது சுத்தியல் வாங்குவதே இத்தொழிலின் உண்மையான முதலீடு.

குழிவாக அடிப்பதற்குக் கெட்டி மரத்துண்டில் உளியால் ஒரு பள்ளம் செதுக்கிக்கொள்ளலாம். குழிப்பணியாரச் சட்டியைப் பார்த்ததும் இதற்காகவே செய்தது போலத் தோன்றும். அது வார்ப்பிரும்பு, சுத்தியல் பட்டால் விரிசல் விடும், உடைந்த சில்லு கண்ணுக்கும் பாயலாம். கண்ணாடி அணியாமல் எந்த அடியும் வேண்டாம்.

காய்ச்சிப் பதமாக்கல்

உலோகத்தை அடிக்க அடிக்க அது இறுகிக்கொண்டே போகும். படிக அமைப்புக்குள் இருக்கும் நுண்ணிய ஒழுங்கின்மைகள் பெருகி, ஒன்றையொன்று நகரவிடாமல் சிக்கிக்கொள்வதே இதற்குக் காரணம். தொடக்கத்தில் கையால் வளைந்த தகடு, ஒரு சுற்று அடிக்குப் பின் விறைத்துக்கொள்ளும். அதையும் மீறி அடித்தால் ஓரத்தில் மயிரிழை போல வெடிக்கும். சூடாக்கினால் புதிய படிகங்கள் தோன்றி உலோகம் பழைய மென்மைக்குத் திரும்புகிறது.

சிறு செம்பு வட்டத்துக்கு வீட்டு எரிவாயு அடுப்பின் சுடரே போதும். பிளாஸ்டிக் பிடியோ துத்தநாகப் பூச்சோ இல்லாத இரும்பு இடுக்கியால் பிடித்து, வெளிச்சம் குறைந்த இடத்தில் மங்கிய சிவப்பு தெரியும் வரை காட்ட வேண்டும். வெயில் விழும் சமையலறையில் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, தெரிவதற்குள் அளவுக்கு மீறிப் போயிருக்கும். பிறகு தண்ணீரில் போடலாம். எஃகைத் தண்ணீரில் தோய்த்தால் இறுகும் என்று படித்த மாணவருக்கு இது விந்தையாக இருக்கும். செம்பு விரைவாகக் குளிர்ந்தாலும் மெதுவாகக் குளிர்ந்தாலும் மென்மையாகவே இருக்கும். பித்தளையைச் சிவப்பு மாறுவதற்கு முன் தண்ணீரில் போடக் கூடாது, வெடிப்பு விடலாம்.

அலுமினியத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அது சிவக்காது, எந்த முன்னறிவிப்பும் இன்றிச் சரிந்து உருகிவிடும். இதற்குப் பட்டறைகளில் ஒரு பழைய உபாயம் உண்டு. தகட்டின்மேல் குளியல் சோப்பால் ஒரு கோடு இழுத்து, மறுபக்கத்திலிருந்து சூடாக்க வேண்டும். சோப்புக் கோடு கரும்பழுப்பாக மாறும் நேரமே பதமான நேரம். உடனே எடுத்துவிட வேண்டும்.

சூடாக்கிய செம்பின்மேல் கருப்பும் சிவப்புமாக ஆக்சைடு படியும். கடையில் விற்கும் அமிலம் எதுவும் தேவையில்லை. நம் வீட்டில் செம்புக் குடம் துலக்கும் அதே புளியும் உப்பும் இதைக் கரைக்கும்; புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் செய்யும் வேலை அது.

தழும்பு பதித்தல்

வட்டத்தை வெட்டி, ஓரத்தை அரத்தால் ராவி, காய்ச்சிப் பதமாக்கிய பின் அடி தொடங்குகிறது. சுத்தியலைக் கைப்பிடியின் கடைசியில் தளர்வாகப் பிடிக்க வேண்டும். தோளோ முழங்கையோ அல்ல, மணிக்கட்டுதான் இயங்க வேண்டும். எடையால் சுத்தியல் தானே விழ வேண்டும், நாம் அதைத் தூக்கி விடுகிறோம், அவ்வளவே. ஓர் அடியின் பள்ளம் அடுத்ததை லேசாகத் தொடும்படி, ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி உள்ளே வருவது எளிது. பள்ளங்களுக்கு இடையில் தட்டையான திட்டுகள் விட்டுப்போனால் வேலை பாதியில் நின்றதுபோல் தெரியும். எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் எல்லாம் ஒரே விசையில் விழுந்திருக்க வேண்டும். கண் அதைத்தான் கவனிக்கிறது.

உருண்டை முகத்தால் அடித்தால் கிண்ணம் கிண்ணமான பள்ளம். சுத்தியலின் மெல்லிய குறுக்கு முனையால் அடித்தால் மரப்பட்டை போன்ற கோடுகள். இன்னொரு வழி, தகட்டைக் கொத்திய அம்மியின்மேல் கவிழ்த்து, மேலிருந்து மரச்சுத்தியலால் அடிப்பது. கல்லின் கொத்து அப்படியே செம்பில் இறங்கும். இரும்புச் சுத்தியலால் இதைச் செய்யக் கூடாது, கல் சிதறும்.

அடித்த வட்டம் நிச்சயம் வளைந்திருக்கும். அதைத் தலைகீழாக மரப்பலகையின்மேல் வைத்து, கீழே ஒரு பழைய பத்திரிகையை விரித்து, மரச்சுத்தியலால் தட்டினால் தழும்பு அழியாமல் நேராகும்.

தழும்பின் பயன் அழகோடு முடிவதில்லை. வழவழப்பான தகட்டில் ஒரு கீறல் விழுந்தால் அதுதான் முதலில் தெரியும். தழும்பு நிறைந்த பரப்பில் ஒவ்வொரு பள்ளமும் ஒளியை ஒவ்வொரு திசையில் திருப்புவதால், அன்றாடக் கீறல்கள் அதில் மறைந்துபோகின்றன. மெருகேற்றும் உழைப்பும் அதற்கான இயந்திரமும் மிச்சமாகின்றன. செலவு குறைவு என்று இம்முறையைச் சொல்வதன் பொருள் இதில்தான் பெரிதும் இருக்கிறது, உலோகத்தின் விலையில் அல்ல.

களிமண் ஏன் கழன்றுவிடுகிறது?

புதிதாகச் செய்பவர்களின் பொதுவான முறையீடு இது. சுட்டு ஆறியதும், கிண்ணத்தைக் கவிழ்த்தால் களிமண் வில்லை கையில் விழுகிறது. களிமண் கெட்டுவிட்டது என்று நினைக்கிறார்கள். உண்மையில் பாலிமர் களிமண் உலோகத்தோடு வேதியியல் முறையில் ஒட்டுவதே இல்லை. சுடும்போது ஒட்டியது போல் இருப்பது வெறும் நெருக்கம். அத்துடன், ஆறும்போது இரண்டும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. செம்பு ஒரு டிகிரிக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 17 பங்கு சுருங்குகிறது. 30 மி.மீ. அகலமுள்ள சட்டம் நூறு டிகிரி ஆறினால் அது 0.05 மி.மீ. மட்டுமே. பிளாஸ்டிக் இதைப்போல் பல மடங்கு சுருங்கும். எனவே விளிம்புக்கும் களிமண்ணுக்கும் இடையே ஒரு தலைமயிர் அளவு இடைவெளி தோன்றிவிடுகிறது. இதைப் பிசின் கொண்டு எதிர்ப்பதைவிட, கழல முடியாத வடிவத்தை உலோகத்துக்குத் தருவதே அறிவுடைமை. கீழே வரும் சட்ட வகைகள் அனைத்தும் இந்த ஒரே சிக்கலுக்கான வெவ்வேறு விடைகள்.

குழாய் வளையம்

என் கணிப்பில் எல்லாவற்றிலும் எளியதும் உறுதியானதும் இதுவே. 5 மி.மீ. அகலத்தில் அறுத்த குழாய் வளையத்தை, அதற்குள் நுழையும் இரும்புத் தண்டில் மாட்டி வெளிப்புறம் முழுவதும் தழும்பு பதிக்க வேண்டும். வளையம் சற்று விரிவடையும். தொங்கவிடுவதற்காகப் பக்கச் சுவரின் நடுவில் ஒரு துளையிட்டு, மீண்டும் காய்ச்சிப் பதமாக்க வேண்டும். பிறகு இரும்புக் கட்டையின்மேல் வளையத்தை நிறுத்தி, சுத்தியலின் உருண்டைப் பக்கத்தை வாயில் வைத்து மேலிருந்து இன்னொரு சுத்தியலால் மெல்லத் தட்டினால் வாய் வெளிநோக்கி மலரும். இப்படி இரண்டு பக்கமும் மலர்த்தினால் வளையத்தின் உட்புறம் உடுக்கை போல நடுவில் குறுகி இருபுறமும் அகன்றுவிடும். ஒரு கம்பியின் நடுவை வளையமாக முறுக்கி, அதன் இரு வால்களையும் துளை வழியே உள்ளே செலுத்தி, உட்புறத்தில் விரித்து மடக்க வேண்டும். இனி களிமண்ணை நிறைத்துச் சுட்டால், அது எவ்வளவு சுருங்கினாலும் உடுக்கையின் இடுப்பு அதை இரு பக்கமும் வெளியே விடாது. கம்பியின் வால்களையும் களிமண் கவ்விக்கொள்ளும். முன்னும் பின்னும் வெவ்வேறு நிறம் வைத்தால் ஒரே பதக்கம் இரண்டாகப் பயன்படும்.

கிண்ணம்

தழும்பு பதித்த வட்டத்தை மரத்தின் பள்ளத்தில் வைத்து, நடுவிலிருந்து வெளியே வருமாறு உருண்டைச் சுத்தியலால் அடித்தால் ஆழமற்ற கிண்ணம் உருவாகும். கிண்ணத்தின் அடியில் 2 மி.மீ. அளவில் மூன்று துளைகள் இட வேண்டும். களிமண்ணை அழுத்தும்போது அது துளைகள் வழியே பின்னால் பிதுங்கும். பிதுங்கியதை விரலால் தட்டையாகப் பரப்பிவிட்டுச் சுட்டால், களிமண்ணே தனக்குத் தறையாணி அடித்துக்கொண்டதுபோல் ஆகிவிடும். பின்புறம் மூன்று வண்ணப் புள்ளிகள் தெரியும், அதுவும் ஓர் அழகே.

துளையிடும்போது தகட்டைக் கையால் பிடிக்கக் கூடாது. துளைப்பான் மறுபக்கம் வெளியேறும் நொடியில் தகட்டைக் கவ்விச் சுழற்றும். அப்போது அந்த வட்டம் விரலுக்கு ஒரு சக்கரக் கத்தி. மரப்பலகையில் இரண்டு ஆணிகளுக்கு இடையிலோ பிடிப்பானிலோ இறுக்கிக்கொண்டு, ஆணி முனையால் ஒரு புள்ளி குத்திய பிறகு துளையிட வேண்டும்.

மடிப்புக் காதுகள்

ஏற்கெனவே சுட்டு முடித்த வில்லையைப் பதிக்க இது ஏற்றது. வில்லையைத் தகட்டின்மேல் வைத்து வரைந்து, சுற்றிலும் நான்கு அல்லது ஐந்து காதுகள் நீட்டிக்கொண்டிருக்குமாறு வெட்ட வேண்டும். காதின் அகலம் 3 மி.மீ.; நீளம் வில்லையின் கனத்தைவிட 3 மி.மீ. கூடுதல். அடிப்பகுதியில் மட்டும் தழும்பு பதிக்க வேண்டும். காதுகளை அடித்தால் இறுகி, மடிக்கும்போது ஒடியும். முனைகளை வட்டமாக ராவுவது துணி கிழியாமல் இருக்க. மடிப்பதற்குக் குறடு வேண்டாம், ஒரு மரக்குச்சியால் எதிரெதிர்க் காதுகளை மாற்றி மாற்றி அழுத்தினால் போதும். ஒரு காதை இரண்டு மூன்று முறைக்கு மேல் நிமிர்த்தி மடித்தால் அது கையோடு வந்துவிடும்.

தறையாணி வைத்துப் பிணைப்பதும் உண்டு. தகட்டையும் வில்லையையும் துளைத்து 1.5 மி.மீ. செம்புக் கம்பியைச் செருகி, இருபுறமும் ஒரு மில்லிமீட்டர் வெளியே விட்டு மெதுவாகத் தட்டித் தலை உண்டாக்க வேண்டும். களிமண் பக்கம் ஒரு சிறு உலோக வட்டு இல்லாமல் இதைச் செய்தால் விரிசல் உறுதி.

சுடுதல்

உறையில் அச்சிட்டிருக்கும் வெப்பநிலையே சரியானது. வகைக்கு வகை அது மாறும். நேரம், 6 மி.மீ. கனத்துக்கு அரை மணி என்ற அளவில் வைக்கலாம். சிறு மின் அடுப்புகளின் திருகு காட்டும் எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இருப்பதில்லை. தனியாக ஒரு அடுப்பு வெப்பமானி வைத்துப் பார்ப்பது கட்டாயம். குறைவாகச் சுட்ட களிமண் கெட்டியாகத் தோன்றினாலும் பிஸ்கட் போல் ஒடியும். அளவு மீறினால் கருகும், கருகினால் பாலிவினைல் குளோரைடு சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வளி வெளியேறும். மூக்கையும் தொண்டையையும் அரிக்கும் வளி அது. கார நெடி வந்தால் அடுப்பை அணைத்து, சன்னல்களைத் திறந்துவிட்டு, குழந்தைகளோடு அறையை விட்டு வெளியேற வேண்டும். சமைக்கும் அடுப்பையே பயன்படுத்த நேர்ந்தால் மூடியுள்ள பாத்திரத்துக்குள் வைத்துச் சுடுவது நல்லது. நுண்ணலை அடுப்பில் இதை ஒருபோதும் வைக்கக் கூடாது.

பிசின் தேவைப்பட்டால் சுட்டு ஆறிய பின் இரண்டு கூறு எப்பாக்சிப் பிசினை இடலாம். நொடியில் ஒட்டும் பசை இட்டு அடுப்பில் வைத்தால் சூட்டில் அது வலுவிழந்துவிடும்.

மெருகும் பராமரிப்பும்

அடுப்புச் சூட்டில் செம்பின் நிறம் சற்று மங்கும். உலோக மெருகு வேலையைச் சுட்ட பிறகு செய்வதற்கு இதுவே காரணம். பழமையான கருமை வேண்டுமென்றால் நன்றாக வேகவைத்த முட்டையைச் சூடாகவே நசுக்கி, செம்புச் சட்டத்தோடு ஒரு மூடிய டப்பாவில் சில மணி நேரம் வைக்கலாம். முட்டையிலிருந்து வரும் கந்தகச் சேர்மம் செம்பைக் கருப்பாக்கும். பிறகு மேடான பகுதிகளை மட்டும் நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்தால், பள்ளங்கள் கருமையாகவும் மேடுகள் ஒளிர்ந்தும் தழும்பு எடுப்பாகத் தெரியும். இதைக் களிமண் வைப்பதற்கு முன்பே செய்துவிடுவது முட்டை நாற்றத்திலிருந்து நகையைக் காக்கும். பித்தளை இம்முறைக்கு அவ்வளவாக மசியாது.

செம்பு கருக்காமல் இருக்க நகப்பூச்சைத் தடவும் வழக்கம் பரவலாக இருக்கிறது. பாலிமர் களிமண் நகையில் அது கேடு. நகப்பூச்சின் கரைப்பான் களிமண்ணைத் தாக்கி, சில வாரங்களில் பரப்பைப் பிசுபிசுவென்று ஆக்கிவிடும். தெளிப்பு வார்னிஷ்களில் பலவும் அப்படியே. தேன்மெழுகைத் துணியில் தொட்டு உலோகத்தில் தேய்த்தால் போதும், அவ்வப்போது மீண்டும் தேய்க்க வேண்டியிருக்கும். மிளிர்வு வேண்டுவோர் நீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷைப் பயன்படுத்தலாம்.

வியர்வையிலுள்ள உப்பும் அமிலமும் செம்போடு சேர்ந்து தோலில் பச்சைக் கறை விடும். அது ஒவ்வாமை அல்ல, சோப்புப் போட்டால் போய்விடும். ஆனாலும் விற்கும்போது அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை. பதக்கத்தின் பின்புறத்தில் மெல்லிய களிமண் படலம் ஒன்றைப் பரப்பிச் சுட்டுவிட்டால், தோலில் படுவது களிமண்ணாகவே இருக்கும், கறையும் வராது.